பதினைந்து அடி உயரத்தில் பிரேக்

என் பயிற்சியாளரை நான் கொன்றுவிட்டேன் என்று இரண்டு நிமிடம் மனப்பூர்வமாக நம்பினேன். ஐம்பத்தொரு வயதில் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவன் எதைத்தான் நம்பமாட்டான்? இன்ஜினே இல்லாத விமானம், இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று வீட்டில் விளக்கம் வேறு கொடுத்திருந்தேன்.

கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு தனியார் ஓடுபாதை. கயிறு கட்டி, மெஷின் வைத்து இழுத்து மேலே ஏற்றிவிடுவார்கள். இறங்குவது நம் சாமர்த்தியம். முன் இருக்கையில் நான், பின்னால் பயிற்சியாளர். வாய் ஓயாத மனிதர். அன்று இறங்கும்போதும், "நிதானமா சார்... மூக்கைத் தூக்குங்க... நல்லா வருது, நல்லா வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தரை திடீரென்று பெரிதானது.

கிளைடரில் இடது கைப்பக்கம் ஒரு நெம்புகோல் உண்டு. இழுத்தால் இறக்கை மேல் தடுப்புப் பலகை எழும்பும். கிளைடர் சட்டென்று கீழே போகும். பார்த்து, கொஞ்சமாக இழுக்க வேண்டும். என் இடது கையோ தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே இருபது வருடம் ஸ்கூட்டர் ஓட்டிய கை. முன்னால் ஷேர் ஆட்டோ நின்றால் என்னைக் கேட்காமலே பிரேக் பிடிக்கும். பிடித்தது. முழுசாக.

தடார்.

"சார்?"

பதில் இல்லை.

"சார், ஏதாவது பேசுங்க சார். திட்டவாவது திட்டுங்க."

சத்தமே இல்லை. பெல்ட்டுகள் இறுக்கியிருந்தன, கழுத்தைத் திருப்பலாம்தான், தைரியம் வரவில்லை. திருநீர்மலைப் பெருமாளுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். தலையில் ஏற்கெனவே பெரிதாக ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும். அடுத்து, நானே போய்ச் சரணடைந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். ஆனால் எந்த ஸ்டேஷன்? கூடுவாஞ்சேரியா, மறைமலை நகரா? எல்லை எங்கே வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கயிறு இழுக்கும் அண்ணன் ஓடிவந்து கண்ணாடி மூடியைத் திறந்தார்.

"இன்னா சார், எறங்க சொன்னா வுழுந்துகினு கீறீங்க?"

"அண்ணா, பின்னாடி சார்... போயிட்டாரா?"

அவர் எட்டிப் பார்த்தார். "எங்க போவாரு? உங்களத்தான் மொறைச்சுகினு கீறாரு."

நடந்தது இவ்வளவுதான். பதினைந்து அடி உயரத்தில் நான் பிரேக்கை இழுத்தேன். கிளைடர் விழுந்து சக்கரம் உடைந்தது. பேசிக்கொண்டிருந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு தையல்.