வீட்டு மண்ணில் ஒரு குழி

காலையில் ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது, அடுப்பங்கரைப் பலகைக்குக் கீழே நாய் செத்துக் கிடந்தது. நான் போகும்போது உயிர் இருந்தது. என் காலடிச் சத்தத்துக்கு ஒரு காதை மட்டும் அசைத்தது. வந்து குடத்தை இறக்கி வைத்துக் குனிந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. கையால் விரட்டினேன், திரும்பவும் அங்கேயே வந்து உட்கார்ந்தது.

அழுகை வரவில்லை. இன்றைக்குப் பிள்ளைக் காம்பராவை யார் திறப்பது என்ற யோசனைதான் முதலில் வந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுவார்கள். மழையானாலும் வருவார்கள். பூட்டிக் கிடந்தால் வாசலிலேயே நிற்பார்கள்.

நாய் என் மகளுடையது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்தில், பெல்மதுளை பஸ் நிலையத்தில் நனைந்து கிடந்த குட்டியைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். பை முழுக்க மூத்திரம். அன்றைக்கு அவளுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. "ரெண்டு நாள்ல கொண்டுபோய் விட்டுர்றேம்மா" என்றாள். விடவில்லை. பிறகு அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நாய் எங்களோடு தங்கிவிட்டது. எடுத்து வளர்த்தவள் போன பிறகு வயசாகி, பல் விழுந்து, கண்ணில் படலம் விழுந்து, கடைசியில் வயிறு வீங்கிப் படுத்தது.

அது படுத்த பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால், த்ரீவீலர் பிடித்து கொடகவெலவுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மிருக வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஊசி போட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் நிம்மதியாகப் படுக்க விடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் அதன் தலை என் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு த்ரீவீலர் சாய, நானும் நாயும் சேர்ந்தே சாய்ந்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் துணி மாற்றுவது, கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றுவது, விடிந்ததும் மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது என்று போனது. செத்தது தெரிந்ததும் என் உடம்பில் ஏதோ தளர்ந்தது. அதைத் துக்கம் என்று சொன்னால் பொய்யாகும்.

லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா, கால் வீக்கத்தால் மலைக்குப் போவதை நிறுத்தியவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"போயிருச்சா? நல்லது, கெடந்து இழுக்காம போச்சு" என்றார். "நான் போய் காம்பராவத் தொறந்து பிள்ளைங்களப் பாத்துக்கிறேன். நீ இத மொதல்ல பாரு. மழையில வச்சிக்கிட்டு இருக்க முடியாது." உள்ளே போய் ஒரு பொட்டலம் கல்லுப்பு கொண்டுவந்து கையில் வைத்தார். "உப்பு போட்டு ஆழமா பொதைங்க. இல்லாட்டி காட்டுப்பன்னி தோண்டிரும்." அவர் காயப்போட்ட கருவாட்டை எத்தனையோ தடவை இந்த நாய் தின்றிருக்கிறது. அதற்காக என்னோடு பேசாமலும் இருந்திருக்கிறார். அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

என் பழைய படங்கை விரித்து நாயை அதில் வைத்தேன். கொழுந்து பறித்த காலத்தில் இடுப்பைச் சுற்றிக் கட்டிய சாக்குத் துணி அது. நாய் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சுற்றிக் கட்டி முடிக்கும்போது என் வீட்டுக்காரர் வந்தார். தேயிலை பெக்டரியில் இரவு வேலை அவருக்கு. விடிய விடியக் கொழுந்து வாட்டும் மாடியில் நின்றுவிட்டு, தலையில் ஒரு பொலித்தீன் உறையைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றார். மூட்டையைப் பார்த்தார்.

"எப்ப?"

"இப்பத்தாங்க. தண்ணிக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள."

வாசற்படியில் உட்கார்ந்து காலில் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தார்.  பிறகு, "தேத்தண்ணி இருந்தா குடு" என்றார்.

குடித்துக்கொண்டே எங்கே புதைப்பது என்று பேசினோம். அதுவரை அது ஒரு பிரச்சினை என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பின்னால் எங்கள் மரக்கறித் தோட்டம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

"பின்னால தோண்டக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்கல்ல?" என்றார்.

மறந்தே போயிருந்தேன். போன மழைக்கு லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது. மண்சரிவு வருமா என்று பார்க்க வந்த அதிகாரிகள் சிவப்புக் கம்பு நட்டு, இந்தச் சரிவில் மண்வெட்டி படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மழை கூடினால் பள்ளிக்கூட மண்டபத்தில் போய்ப் படுங்கள் என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து வெண்டிக்காய்ச் செடிக்குக்கூட மண் அணைக்காமல் விட்டிருந்தோம்.

"ஆத்துல விட்டுருவோமா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கு மனசில்லை என்பது குரலில் தெரிந்தது.

"கீழ் டிவிசன்காரங்க அந்தத் தண்ணியிலதானே குளிக்கிறாங்க. கன்னுக்குட்டி ஒண்ணு பாலத்துல சிக்கி நாறுனது மறந்துருச்சா?"

"எரிக்க விறகு?"

"எங்கங்க காஞ்ச விறகு இருக்கு? அடுப்புக்கே ஊதி ஊதிக் கண்ணு போச்சு."

தேயிலைக்குள் ஓரமாக ஒரு குழி வெட்டலாம் என்று மம்பட்டியும் அலவாங்குக் கம்பியும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். ரோட்டுக்கு மேலே கடைசி வரிசையில் மம்பட்டியை ஊன்றியதுமே மலையில் வேலை பார்க்க வைக்கும் கணக்கப்பிள்ளைத் தம்பி குடையோடு வந்துவிட்டான். சிங்களப் பையன், மரியாதை தெரிந்தவன்.

"அக்கே, எதன ஹாரன்ன எபா" என்றான். அங்கே தோண்ட வேண்டாம் என்கிறான். மூட்டையைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு தமிழில் தொடர்ந்தான். "நாய்க்கு பன்னி வரும் அக்கா. பன்னி வந்தா தேயிலை மரம் எல்லாம் பொரட்டிப் போடும். தொரைக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அவன் சொன்னதிலும் தப்பு இல்லை. வேறு எங்கேயாவது இடம் சொல் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவன் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தான். மேலே தேயிலை, கீழே தேயிலை, அதற்கு அப்பால் கிராமத்து ஆட்களின் இறப்பர் மரங்கள். "தன்னே நே" என்றான். அவனுக்கும் தெரியவில்லை. மயானத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போனேன். "அது மனுசனுக்கு. கோயில் கமிட்டில பேச்சு வரும்" என்று இவர் முடித்துவிட்டார்.

மூட்டையை மதகுக் கட்டின் மேல் இறக்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. றக்வான பஸ் எங்களைத் தாண்டிப் போனது, ஜன்னலோரத்து முகங்கள் மூட்டையைப் பார்த்துவிட்டுப் போயின. எனக்கு அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. தூக்கமில்லாமல் அவர் கண்கள் இரத்தமாகச் சிவந்திருந்தன.

அப்போதுதான் சொன்னேன். "நம்ம எடத்துல வைப்போங்க."

"எந்த எடம்?"

"வீட்டுக்குன்னு தந்த எடம்."

தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்று ரோட்டுக்குக் கீழே அளந்து கொடுத்தார்கள். எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. கருங்கல்லில் அத்திவாரம் போட்டார்கள். பிறகு வேலை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். உறுதிப் பத்திரமும் வரவில்லை. தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அப்புறம் போவதை விட்டுவிட்டோம்.

என் வீட்டுக்காரர் முகம் மாறியது. "கிறுக்கா ஒனக்கு? குடி போகாத மண்ணு. பால் காய்ச்சல, ஒரு வெளக்கு ஏத்தல. மொதல்ல பொணத்தயா கொண்டுபோய் வைக்கிறது? வெளங்குமா அந்த வீடு?"

"வீடு எங்கங்க இருக்கு?"

கோபத்தில் சொல்லவில்லை. அந்த நேரம் எனக்குக் கோபப்படத் தெம்பில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று புரிந்தது. அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் மம்பட்டியோடு பின்னால் போனேன்.

மானாப்புல் என் இடுப்புக்கு மேலே வளர்ந்து கிடந்தது. அத்திவாரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அவர் காலால் தட்டித் தட்டிக் கல்லைக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்தார். நாயைப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, புல்லை மிதித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய், "இங்கன வெட்டவா?" என்று கேட்டார்.

"அது குசினி வர்ற எடம்ல?"

"குசினி அந்தப் பக்கம்."

"இல்லங்க, கயிறு கட்டிக் காட்டும்போது இந்தப் பக்கந்தான் காட்டுனாங்க. ரோட்டுப் பக்கம் ரெண்டு அறை."

"இந்தப் பக்கம் குசினி வச்சா காத்துக்குப் பொகையெல்லாம் வீட்டுக்குள்ளதான் வரும். நான் அப்பவே சொன்னேன். ஒருத்தரும் கேக்கல."

"சரி, அந்த மூலையில?"

"அது கக்கூஸ் குழிக்கு."

மழையில் நனைந்துகொண்டு, செத்த நாயை நடுவில் வைத்துக்கொண்டு, இல்லாத வீட்டின் சுவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தோம். இது வாசல், இங்கே தண்ணீர்க் குழாய் வரும், இங்கே வெயில் விழும், துணி காயப்போடலாம். மகள் வந்தால் படுக்க ஓர் அறை வேண்டும் என்றேன். "அதத்தான் ரோட்டுப் பக்கம் விட்டிருக்கு" என்றார். இவ்வளவும் அவர் மனசில் இருந்தது எனக்குத் தெரியாது. கிடைக்காததைப் பற்றி வீட்டில் பேசுவதை நாங்கள் எப்போதோ நிறுத்தியிருந்தோம்.

கடைசியில் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில், எந்தச் சுவரும் வராத ஒரு துண்டு மண் மிஞ்சியது. முதலில் வெட்டிய குழியில் பாறை தட்டியது. அலவாங்கால் குத்திப் பார்த்தார், அசையவில்லை. கொஞ்சம் தள்ளி மறுபடி வெட்டினார். களி மண், ஒவ்வொரு வெட்டுக்கும் மம்பட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் கம்பால் சுரண்டிச் சுரண்டிக் கொடுத்தேன். குழிக்குள் தண்ணீர் ஊறியது. பழைய வாளி ஒன்று புல்லுக்குள் கிடந்தது. அதால் இறைத்துவிட்டு, போதும் என்ற ஆழம் வந்ததும் இறக்கினோம்.

இறக்கும்போது படங்கின் ஒரு முனை அவிழ்ந்து வால் வெளியே வந்தது. அவர் குனிந்து அதை உள்ளே தள்ளி, முனையை இழுத்து முடிந்தார். பெக்டரி விட்டு வரும்போதெல்லாம் இந்த நாய்தான் மதகு வரை போய் அவருக்காகப் படுத்திருக்கும். கண் தெரியாமல் போன பிறகும் போனது. அவர் அதைத் தடவிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. "நடடா" என்று சொல்லிக்கொண்டு வருவார், அவ்வளவுதான்.

உப்பைப் போட்டேன். மண்ணைத் தள்ளினோம். பன்றி கிண்டாமல் இருக்க, முதல் குழியில் மண்ணோடு கிளம்பிய கற்களைப் புரட்டி மேலே அடுக்கினார். பிறகு அவர் தூங்கப் போனார், நான் சேலையை மாற்றிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். அங்கே ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. துணி அலசி முடிக்கவே மத்தியானமாகிவிட்டது.

மகளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். தூர தேசத்தில் தனியாக இருக்கிறவள், எதற்கு என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் போன் எடுத்ததும் முதலில் நாயைக் காட்டச் சொன்னாள். பொய் சொல்லத் தெம்பில்லாமல் நடந்ததைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரையில் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது.

"எங்கம்மா வச்சீங்க?"

"நம்ம எடத்துல, வீட்டுக் காணியில."

"அப்பா விட்டாரா?"

"அவருதான் வெட்டுனாரு."

அவள் அழுதாள். நானும் அப்போதுதான் அழுதேன். பின்னால் யாரோ அரபியில் கூப்பிட, "வைக்கிறேம்மா" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த பெருமழையில் நாங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் போய்ப் படுத்தோம். திரும்பி வந்தபோது லயம் இடியாமல் நின்றது. ஆனால் குழி மண் அமர்ந்து, கற்கள் சரிந்துவிட்டன என்று பக்கத்துக் காம்பரா அக்கா பார்த்துவிட்டு வந்து சொன்னார். என் வீட்டுக்காரர் மம்பட்டியோடு போனார். வர நேரமாகிறதே என்று தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். குழிக்கு மண் போட்டு முடித்துவிட்டு, அத்திவாரத்தைச் சுற்றி மானாவை வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கக் கல் முழுதும் வெளியே தெரிந்தது, பாசி பிடித்திருந்தாலும் உறுதியாக இருந்தது.

ரோட்டில் போன ஒருவர் நின்று, "என்ன, வேல தொடங்கப் போறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லங்க" என்றார் இவர், நிமிராமல். "சும்மா, புல்லு வெட்டுறேன்."