சிவப்புப் பொட்டு வைத்த பிளக்குகள்

ஒலிப்பதிவுக்கூடங்களில் அவருக்கு ‘நிசப்தம்’ என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் ஏமாந்துவிடக் கூடாது. மனுஷனுக்கு வாய் ஓயவே ஓயாது. ஒரு ஸ்குரூவைக் கழற்றுவதற்குள் ஒன்பது கதை சொல்லிவிடுவார். ஆனால் ஸ்பீக்கரில் ‘உம்’ என்று ஒரு ரீங்காரம் எழுந்து எதைச் செய்தும் அடங்கவில்லை என்றால், எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான். வருவார், பெட்டிகளுக்குப் பின்னால் தலையை விடுவார், சத்தம் நின்றுவிடும். முப்பது வருஷமாக அந்தப் பேரை வைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது.

அவர் மனைவி, பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுப்பவர். வீட்டில் இவர் பேசித் தீர்ப்பதால், தான் பேசுவதற்கென்று ஒரு அறை வேண்டியிருந்தது என்பார். போன மாதம் அவர் தினமும் போய்ப் பதிவு செய்கிற அந்த அறைக்கு ஒரு பழைய மைக் ஆம்ப்ளிஃபையர் வந்து சேர்ந்தது. மூடிப்போன ஒரு பழைய கூடத்திலிருந்து வாங்கியதாம். துளி இரைச்சல் இல்லை என்று மனைவி வந்து சொன்னபோது இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அந்தக் கூடத்துக்கு வயரிங் செய்தவரே இவர்தான்.

அன்று காலை அவர் ஃபோனில் யாருக்கோ வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டிக்கு இரண்டு சுவரிலிருந்து கரண்ட் எடுத்தால், இரண்டுக்கும் தனித்தனி எர்த். நடுவில் ஒலிக் கேபிளும் சேர்ந்தால் ஒரு வளையமாகிவிடும். அந்த வளையத்துக்குள் ஓடுகிற கரண்ட்தான் ரீங்காரம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே போர்டு, ஒரே எர்த் கொடுத்துவிட்டால் பாதி வியாதி போய்விடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி தலை வாரியபடியே ஏதோ சொன்னார். இவர் ‘உம், உம்’ என்று தலையாட்டினார். மனைவி கிளம்பிப் போனார்.

ஃபோனை வைத்து, ஆறிப்போன டீயை வாயருகே கொண்டுபோனபோதுதான் மனைவி தலை வாரியபடி சொன்னது மண்டையில் ஏறியது.

“அந்த மைக்ல உதடு பட்டா சுள்ளுங்குது. நேத்துலருந்து ஏசி வேற ஒழுகி, கார்பெட் எல்லாம் ஈரம்.”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். காலடிச் சத்தம் பதிவில் விழும் என்று அங்கே எல்லோரும் செருப்பை வெளியில்தான் விட வேண்டும். ஈரக் கம்பளத்தில் வெறுங்கால், உதட்டருகே இரும்பு வலை போட்ட மைக். அந்த ஆம்ப்ளிஃபையரின் பிளக்குக்குள் எர்த் வயர் இல்லை என்பது உலகத்திலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

வெட்டியவர் அவர்தான். தொழிலுக்கு வந்த புதிது. ஒரே போர்டுக்கு எல்லாவற்றையும் மாற்றி இழுக்க ஒரு முழு நாள் ஆகும். பாட வந்தவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள், முதலாளி தலைமேல் நிற்பார். பிளக்கைத் திறந்து எர்த்தை வெட்டிவிட்டால் வளையம் அறுந்து, இரண்டே நிமிஷத்தில் சத்தம் போய்விடும். பெட்டிக்குள் என்றாவது வயர் நைந்து மேல்தகட்டில் பட்டால், அந்தக் கரண்ட் எர்த் வழியே ஓடி ஃப்யூஸைப் போக்க வேண்டும். எர்த் இல்லையென்றால் தகட்டிலேயே நிற்கும், கேபிள் வழியே மைக்கின் வலை வரைக்கும் வந்து நிற்கும், தொடுகிற ஆளுக்காக. இது அவருக்கு அன்றைக்கே தெரியும். அடுத்த வாரம் வந்து ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று அடையாளத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். சத்தம் நின்ற இடத்துக்கு மறுபடி யார் போகிறார்கள்? இப்படி ஒன்பது பிளக்குகள்.

வண்டியில் போகும்போதே நாலு தடவை ஃபோன் செய்தார். பதிவு அறைக்குள் ஃபோனை அணைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் செய்தார். கடவுளே, இன்றைக்கு மட்டும் அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டேக் போய்க்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று ஒலிப்பதிவாளர் கைகாட்டினார். இவர் நிற்கவில்லை. நேரே நடைவழிக்குப் போய் மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினார். கட்டடம் முழுக்க இருண்டது.

இருட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. முக்கால் பாடம் வீணாய்ப் போச்சே, யார் இந்தக் காரியம் பண்ணினது என்று கோபமாகக் கேட்டது. அவ்வளவு இனிமையான குரலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பிறகு எல்லோரையும் வெளியே நிறுத்தி, அந்த ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, மீட்டரின் ஒரு முனையை மைக்கின் வலையிலும் மறுமுனையை நல்ல எர்த்திலும் வைத்தார். நூறு. நூற்று நாற்பது. இருநூறு வோல்ட்டைத் தாண்டி நின்றது. 

எர்த்தை வெட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே அவர் கழற்றிய பிளக்கை மனைவி கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பொட்டை நகத்தால் சுரண்டினார்.

“இது என் நெயில் பாலிஷ் இல்ல?”

கல்யாணமான புதிதில் காணாமல் போன குப்பி. எடுத்தது தன் தங்கைதான் என்று, அவளோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார் மனைவி. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“எத்தனைல வச்சீங்க?”

“ஒன்பது.”

“மீதி எட்டு எங்க இருக்கு?”

அவருக்குத் தெரியாது. கூடங்கள் மூடின, பெட்டிகளை விற்றார்கள், வாங்கியவர்கள் மறுபடி விற்றார்கள். மனைவி பாதி வாசித்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானமே இவர் பழைய டைரியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். நாலு நாளில் மூன்று கிடைத்தன. ஐந்தாவது நாள், இன்னொரு பெட்டியை ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாங்கிப் போன ஆளைப் பிடித்தார். பிளக்கில் சிவப்பாகப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அந்த ஆள் வெளியூரில் இருந்தார்.

“பொட்டு இருக்கான்னு எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா செட்டு அருமையா ஓடுதாம். பசங்க தினமும் அதுலதான் பாடுறாங்க. துளிச் சத்தம் இல்லயாம்.”

ஃபோனைக் காதில் வைத்தபடியே அவர் செருப்பைத் தேடினார்.