பத்து நொடி என்று சொன்னேன்

என் மேஜை இழுப்பறையில் பழைய வங்கிப் பாஸ்புத்தகங்களுக்கு அடியில் ஒரு சிவப்புக் கார்டு கிடக்கிறது. உள்ளங்கை நீளம், ஒரு மூலை மடங்கியது, நடுவே வெள்ளை எழுத்தில் ‘ஸ்டாப்’ என்று போட்டிருக்கும். எங்கள் ப்ரிட்ஜ் க்ளப்புக்குச் சொந்தமான பொருள். திருடிக்கொண்டு வரவில்லை, ஆனால் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. என் மனைவி இரண்டு முறை அதைக் குப்பையில் போடப் பார்த்தாள். இரண்டு முறையும் பிடுங்கி வைத்தேன். எதற்கு என்று கேட்டாள். டாக்டரம்மா ஞாபகமாக இருக்கட்டும் என்றேன்.

டாக்டரம்மா கன்னடக்காரர். அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அல்சூர் பக்கம் இருந்த எங்கள் க்ளப்புக்குச் சனிக்கிழமைதோறும் தம்பியை அழைத்துக்கொண்டு வருவார். தம்பிதான் ஆட்டத்தில் அவருக்கு ஜோடி. ஒருமுறை டாக்டரம்மா, கையில் டைமண்ட் சீட்டு இருக்கும்போதே இல்லையென்று நினைத்து வேறு சீட்டைப் போட்டுவிட்டார். எதிரே ஆடிய நாங்கள் கவனிக்கவே இல்லை. அவரே கையைத் தூக்கி டைரக்டரை, அதாவது போட்டியில் தீர்ப்புச் சொல்பவரைக் கூப்பிட்டு, “நான் தப்பு மாடிட்டேன் சார், பாயிண்ட்டை அவங்களுக்குக் குடுத்துடுங்க” என்றார். அன்று வீடு திரும்பும்போது என் ஜோடி சிரித்தார். “பொழைக்கத் தெரியாத அம்மா” என்றார்.

என் ஜோடி என் சம்பந்தி. சீட்டு மேஜையில் பழகி, சீட்டு மேஜையிலேயே சம்பந்தம் பேசி, என் பெண்ணை அவர் பையனுக்குக் கொடுத்தேன். மாநில அரசில் பெரிய பதவியில் இருந்தவர். ஜோகுபாளையத்தில் மூன்று மாடி வீடு. நல்ல ஆட்டக்காரர், மூக்குக்கு மேல் கோபம். கல்யாணத்தன்று அவர் அண்ணனை அழைத்துவரக் கார் தாமதமாகப் போனதற்கு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. முதல் ஆடிக்குப் பெண்ணை அழைக்கப் போனபோது, “இந்த வருஷம் தோதுப்படாதுங்க” என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். நானும் மனைவியும் வாங்கிப்போன பழக்கூடையை வைத்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து அவர் முகம் சுருங்குவதற்குள் நான் இறங்கிப் போய்விடுவேன். பெண் கொடுத்த இடமாயிற்றே.

ப்ரிட்ஜ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஆட்டத்துக்கு முன், ஸ்பேட், ஹார்ட் என எந்த வகைச் சீட்டில் எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் உண்டு. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது; பெட்டியிலிருந்து கார்டை எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டும். அந்தக் கார்டு சொல்வதற்கு மேல் ஜோடிக்கு ஒரு சேதியும் போகக் கூடாது. வெகுநேரம் யோசித்துவிட்டு ‘பாஸ்’ வைத்தால், இவன் கையில் ஏதோ இருக்கிறது, ஏலம் கேட்கத்தான் துணிவில்லை என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். யோசிப்பது குற்றமில்லை. அந்த யோசனையைப் பார்த்து ஜோடி ஏலத்தை ஏற்றினால்தான் குற்றம். இதற்காகவே அந்தச் சிவப்புக் கார்டு. ஒருவர் ஏலத்தை ஒரே தாவாக மேலே கொண்டுபோனால் முதலில் ஸ்டாப் கார்டை வைப்பார். அடுத்தவர் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பத்து நொடி காத்திருந்துதான் பதில் வைக்க வேண்டும். அவர் யோசித்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு, ஒரு மரியாதை.

வருடக் கடைசிக் கோப்பைப் போட்டி, கடைசிச் சுற்று. சம்பந்தி ஒரு ஹார்ட் என்று தொடங்கினார். டாக்டரம்மா சிவப்புக் கார்டை வைத்துவிட்டு நேரே நாலு ஸ்பேட் வைத்தார். என் முறை. என்னிடம் ஹார்ட் நன்றாகவே இருந்தது. ஐந்துக்கு ஏறலாமா வேண்டாமா என்று மனம் ஊசலாடியது. பத்து நொடி போனது. இருபது போனது. விரல் ஒரு கார்டைத் தொட்டு மீண்டது, இன்னொன்றைத் தொட்டு மீண்டது. கடைசியில் பச்சைப் பாஸ் கார்டை வைத்தேன். டாக்டரம்மாவின் தம்பியும் பாஸ். சம்பந்தி சுமாரான சீட்டுகளை வைத்துக்கொண்டு, கண் சிமிட்டும் நேரத்தில் ஐந்து ஹார்ட் வைத்தார். அதற்கு வேண்டிய பதினோரு பிடியும் கிடைத்தது. கோப்பை எங்களுக்கு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா கையைத் தூக்கினார். டைரக்டர் வந்து என்னிடம்தான் கேட்டார். “சார், ஸ்டாப் கார்டுக்கு மேல யோசிச்சீங்களா?”

“இல்ல சார். பத்து செகண்ட்தான்.”

“அரை நிமிஷம் இருக்கும் சார், நான் எண்ணிட்டே இருந்தேன்” என்றார் டாக்டரம்மா. தம்பியோ தன் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டார், நேர்மையாக. சம்பந்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “முப்பது வருஷம் கௌரவமா சர்வீஸ் பண்ணினவங்க நாங்க” என்று குரலை உயர்த்தினார். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “ஆய்த்து. நீங்க சொன்னா சரி சார். நாந்தான் தப்பா எண்ணிட்டேன்” என்றார். ஆட்டத்தில் வந்த முடிவே நிற்கும் என்று டைரக்டர் சொல்லிவிட்டுப் போனார். மேஜைமேல் கிடந்த அந்தச் சிவப்புக் கார்டை நான் விரலில் உருட்டிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. மறுநாள் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து விழுந்தது.

காரில் சம்பந்தி என் தொடையைத் தட்டினார். “நீங்க தவிச்ச தவிப்புலயே தெரிஞ்சு போச்சு, ஹார்ட் வெச்சிருக்கீங்கன்னு. பத்து செகண்ட்னீங்க பாருங்க, பிரமாதம்!” க்ளப்பிலோ, ஏலத்தில் தன் கணிப்பு எப்படி என்று ஆறு மாதம் பீற்றிக்கொண்டார். தோற்றுப்போனால் டைரக்டரைக் கூப்பிடும் அம்மா என்றும் சேர்த்துச் சொன்னார். நாலு பேர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் அந்த மேஜையில்தான் இருந்தேன். ஆமாம், சிரித்தேன். டாக்டரம்மா அதன்பிறகு வரவில்லை. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். நூலளவு பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று எனக்குப் பெயர்.

போன வருடம் ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கையில் ஊன்றுகோல். அவரே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். “பொண்ணு எப்படி இருக்கா? அந்த வீட்ல ஒண்ணும் தொந்தரவு இல்லியே?” இல்லையென்றேன். “அஷ்டு சாக்கு, அது போதும்” என்று தலையாட்டினார். “அன்னிக்கு உங்க மொகத்தப் பாத்தேன் சார். பொண்ணு குடுத்த எடம், பாவம், என்ன பண்ணுவீங்க. அதான் விட்டுட்டேன். ஆனா அப்புறம் அங்க வந்து ஒக்கார மனசு வரல.” நான் வாயைத் திறப்பதற்குள் அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். காத்திருந்து ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு பெண் வந்திருந்தாள். மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஆடிக்கு மாமா அனுப்பலைன்னு யாரு சொன்னது? எனக்கு ஆபீஸ்ல ரிலீஸ் இருந்துச்சு. அம்மா அழுவாளேன்னு நாந்தான் அவர சொல்லச் சொன்னேன். அவரு கத்துவாரு, நானும் கத்துவேன், அரை மணில ரெண்டு பேரும் காபி குடிப்போம். என் பேரச் சொல்லி அந்தம்மாவ பொய்க்காரியாக்கிட்டியேப்பா.”

“உனக்காகத்தான்டி பயந்தேன்.”

“சும்மா இருப்பா. கோப்பை மேல உனக்கும் ஆசை இருந்துச்சுல்ல?”

அவள் மறுபடியும் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள். கோப்பை சம்பந்தி வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. அடியில் இரண்டு பெயர். என் பெயர் இரண்டாவது. அங்கே போகும்போதெல்லாம் யாரும் பார்க்காத நேரத்தில் அதை நான் படித்திருக்கிறேன்.

இன்று மத்தியானம் இழுப்பறையைத் திறந்து அந்தச் சிவப்புக் கார்டை மேஜைமேல் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அன்று யோசித்ததை முதலிலிருந்து யோசித்தேன். ஐந்து ஹார்ட், வேண்டாம், கேட்டுவிடலாம், வேண்டாம், பாஸ். முப்பத்துநாலு நொடி ஆயிற்று. டாக்டரம்மா சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். பிறகு டைரக்டரின் கேள்வியை எனக்கு நானே கேட்டு, என் பதிலையும் சொல்லிப் பார்த்தேன். அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.