டெல்டாவுக்கு முன்னால் ஒரு 'தி'

"ஏம்மா, நோய்க்கு வைக்க ஒலகத்துல வேற பேரே கெடைக்கலயா? நம்ம ஊரு பேருதான் கெடச்சுதா?"

கொரோனா இரண்டாம் அலையின்போது அப்பா ஃபோனில் கேட்டது. அவர் பூதலூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார், நான் பெங்களூரில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து தொலைக்காட்சியில் டெல்டா பரவுகிறது, டெல்டா கொல்கிறது என்று ஓடிக்கொண்டே இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அப்பாவுக்கு அது லேசான சொல் இல்லை. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். இவர் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கிய பிறகு, எங்கே போனாலும் "நாங்க டெல்டா விவசாயிங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். ரேஷன் கடை வரிசையிலும் சொல்வார், என் கல்லூரி முதல்வரிடமும் சொன்னார். எனக்கு அன்று மானமே போயிற்று. காவிரிப் படுகை என்று பத்திரிகையில் எழுதுவார்கள். எங்கள் ஊரில் யார் வாயிலும் அது வந்து நான் கேட்டதில்லை. டெல்டாதான்.

நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். தெரிந்ததைச் சொன்னேன். அது கிரேக்க எழுத்து, முக்கோணமாக இருக்கும், ஆறு பிரிந்து கடலில் சேரும் இடமும் அப்படி இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்றேன். நோய்க்கு ஊர்ப் பெயரை வைத்தால் அந்த ஊர்க்காரன் மனசு நோகுமே என்றுதான் எழுத்தின் பெயரை வைத்தார்களாம். என்ன ஒரு நல்ல மனசு! அப்பா விடவில்லை. அப்படியானால் இரண்டும் ஒரே எழுத்துதானே என்றார். ஆமாம் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது.

உடனே இலக்கணத்துக்குத் தாவினேன். ஆங்கிலத்தில் நம் பகுதியைச் சொல்லும்போது முன்னால் ஒரு 'தி' போட வேண்டும். 'தி டெல்டா' என்றால் நம் மண், வெறும் டெல்டா என்றால் நோய், படித்தவன் எவனும் குழம்ப மாட்டான் என்றேன்.

"நம்ம டிவில ஒருத்தனும் தி போடலியேம்மா?"

தமிழில் ஏது தி? மறுநாளே ஒரு சேனலில் 'டெல்டாவில் டெல்டா' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். எழுதியவன் கை விளங்காமல் போக.

குறுவைச் சாகுபடிக்கு மேட்டூர் அணை திறந்திருந்த நேரம் அது. இந்தப் பெயர் நிலைத்துவிட்டால் டெல்டா நெல்லை எவன் வாங்குவான், டெல்டா அரிசியை எவன் பிள்ளைக்குப் பொங்கிப்போடுவான் என்று அப்பா அம்மாவிடம் புலம்பியிருக்கிறார். அவருக்குக் காய்ச்சல் கண்டபோது அதை என்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறார். வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர்கள் தெருமுனையில் தெரிந்தாலே, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வழியாக வயலுக்குப் போய்விடுவாராம். காய்ச்சலோடு, சேற்றில்.

அம்மா தாங்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போங்கப்பா என்று கெஞ்சினேன், திட்டினேன், நீங்கள் போகிறவரை சோறு தொட மாட்டேன் என்று மிரட்டிப் பார்த்தேன். இருமலுக்கு நடுவில் ஒரே பதில்தான் வந்தது.

"நான் போயிப் படுத்தா டெல்டாக்காரனுக்கு டெல்டான்னு எழுதிப்புடுவான். என்னோட போவட்டும்மா. ஊரு பேரு கெட வேணாம்."

மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். போனார் என்ன, தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா கூடவே இருந்தாள். ஊரடங்கில் பயணம் செய்ய எனக்கு இ-பாஸ் கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். அம்மாவிடம் அதை அவர் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

இன்றும் வருஷா வருஷம் வகுப்பில் அந்தப் பாடம் வருகிறது. எந்தெந்த இடப்பெயருக்கு முன்னால் தி போட வேண்டும், எதற்குக் கூடாது. தி டெக்கான், தி நீலகிரிஸ் வரை சரளமாகச் சொல்லிவிடுவேன். அடுத்ததை மட்டும் வாயால் சொல்லாமல் பலகையில் எழுதிவிடுவேன். பெற்ற தகப்பனை ஒரு ஆஸ்பத்திரிப் படி ஏற்ற முடியவில்லை, இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பிள்ளைகள் மட்டும் சரியாக எழுதிவிடுகிறார்கள்.

அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று அம்மாவிடம் கேட்க எனக்குப் பல மாதம் தைரியம் வரவில்லை. கேட்டபோது சொன்னாள். கட்டில் ஓரமாக இரண்டு டாக்டர்கள் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்களாம். அம்மாவுக்குப் புரிந்தது ஒரே சொல், டெல்டா. அப்பாவுக்கும் அதேதான் புரிந்திருக்கும், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாராம். அந்த டாக்டர்கள் தி போட்டிருக்க மாட்டார்கள், போடவும் கூடாது. அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை.

அவர்களில் ஒருவர் குனிந்து, நினைவு இருக்கிறதா என்று பார்க்க, "ஐயா, எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறார். அப்பா முகத்திலிருந்த மாஸ்க்கை விலக்கி, "புதுக்கோட்டை" என்றாராம். அது வானம் பார்த்த பூமி, அங்கே எங்களுக்கு ஒரு சொந்தமும் கிடையாது. அம்மா வாயைத் திறக்கப் போக, அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாராம்.

"அதுக்கப்பறம் ஒங்கப்பா பேசவே இல்லடி," என்றாள் அம்மா. "டாக்டரு என்னையப் பாத்து, புதுக்கோட்டையாம்மான்னாரு. ஆமாங்கன்னுட்டேன்."