குலவை போட்டுப் பெற்றவள்

பிரசவத்தில் சத்தமே போடாதவள் என்று ஒரு பெண்ணை யாராவது மெச்சினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீடென்றும் பார்க்காமல் எழுந்து போய்ச் சண்டை பிடித்திருக்கிறேன். சத்தம் காட்டாமல் கொண்டுவருவதற்கு அது என்ன திருட்டுச் சாமானா என்று கேட்டிருக்கிறேன். என் வாய் அப்படி. ஆனால் அந்த மெச்சலை ஒரு தடவை நானும் வாங்கியிருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு புருஷன் வீடு திரும்பினேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பு நடந்தது அது. என் பிறந்த ஊர் அலங்காநல்லூருக்குப் பக்கம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதால் அங்கே கூட்டிப் போயிருந்தார்கள். எங்கள் சனத்தில் ஒரு பெருமை உண்டு. பிள்ளை பெறும் சத்தம் வாசலில் இருக்கிற ஆம்பளைகள் காதில் விழக்கூடாது. விழுந்தால் அந்த வீட்டுப் பெண்ணை வளர்த்த லட்சணம் சரியில்லை என்று அர்த்தம்.

“வாயத் தொறந்து மானத்த வாங்கிராதடி” என்று சொல்லி, என் அம்மா துண்டை முறுக்கி என் பல்லுக்கிடையில் கொடுத்தாள். ஒரு பகல், ஒரு ராத்திரி, இன்னொரு பகல். ஒவ்வொரு வலிக்கும் மூச்சைப் பிடித்து, துண்டைக் கடித்து, மல்லாந்தபடியே கிடந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்ததுகூட எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. பிறந்தது ஆண் பிள்ளை. அதுவும் என்னைப் போலவே சத்தம் போடவில்லை. மருத்துவச்சி அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள், காதில் ஊதினாள். பிறகு ஒரு பழைய சேலைத்துணியில் சுற்றி, சேதி கேட்டு வந்திருந்த என் புருஷன் கையில் கொடுத்துவிட்டாள்.

பார்க்க வந்த பெண்கள் என்னிடம் சொன்ன ஆறுதல் இதுதான்: “பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்கல தாயி. அம்புட்டுப் பொறுமை ஒனக்கு.” என் அம்மாவின் முகத்தில் அழுகைக்கு நடுவிலும் ஒரு பெருமை வந்து போனது. அதை நான் பார்த்தேன். வெகுகாலம் அவளை மன்னிக்கவில்லை.

ரொம்பப் பின்னால் மதுரையில் ஒரு லேடி டாக்டரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். கொடி சுற்றியிருக்கலாம், வேறு எதுவும் இருந்திருக்கலாம், உங்கள் மேல் தப்பில்லை என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் இரண்டு நாள் மூச்சைப் பிடித்து வைத்தது நான்தானே என்ற எண்ணம் எனக்குள்ளிருந்து போகவே இல்லை.

ஒன்றரை வருஷத்தில் மறுபடி உண்டானேன். இரண்டாவது பிள்ளைக்குத் தாய் வீட்டில் அப்படியொன்றும் அழைக்க மாட்டார்கள்; அழைத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். என் புருஷன் வீடு திருவாதவூர்ப் பக்கம். மாமனார், மாமியார், நாங்கள் இரண்டு பேர், உழவுமாடு நான்கு, கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஏழு பெற்றவர், ஏழையும் வாய் திறக்காமல் பெற்றவர். அதைத் தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். மாமனார் முன்னால் நான் நின்று பேசியதே கிடையாது. எதுவானாலும் அத்தை வழியாகத்தான்.

அந்தப் பத்து மாசமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்தப் பிள்ளையாவது உயிரோடு வரவேண்டும். வேறு எதுவும் வேண்டாம். ஆணா பெண்ணா என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து மாட்டுக்கொட்டத்துப் பக்கம் போய்விடுவேன்.

நடவு நடந்துகொண்டிருந்தது. நிறைமாதம்தான், ஆனாலும் நடவுக்காரிகளுக்குக் கஞ்சி கொண்டுபோன அத்தையோடு நானும் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் பயமாக இருந்தது. வரப்பில் நிற்கும்போது இடுப்பில் பிடித்தது. பழக்கதோஷம், உடனே பல்லைக் கடித்து மூச்சை இழுத்துப் பிடித்தேன். சரியாக அந்த நேரத்தில் பெண்கள் அடுத்த வயலில் இறங்கி முதல் நாற்றை ஊன்றினார்கள். முதல் நாற்றுக்குக் குலவை போடுவது வழக்கம். அவர்கள் போட, என்னை அறியாமல் நானும் போட்டேன். சின்ன வயதிலிருந்து குலவைச் சத்தம் கேட்டால் என் நாக்கு சும்மா இருக்காது.

என்ன சொல்வது, வலி வழிவிட்டது. போய்விடவில்லை, இருந்தது. ஆனால் என்னை இறுக்காமல் கடந்து போனது. குலவை போட வேண்டுமானால் நெஞ்சு நிறைய மூச்சு இழுக்க வேண்டும். பிறகு நாக்கைச் சுழற்றிச் சுழற்றி அதைச் சன்னமாக, கடைசிவரைக்கும் விட வேண்டும். அப்படி விடும்போது தோளை இறுக்க முடியாது, தாடையை இறுக்க முடியாது. வயிறும் தானாகத் தளர்ந்து கொடுத்தது.

அடுத்த வலி வந்தபோது வயலில் யாரும் குலவை போடவில்லை. நான் மட்டும் போட்டேன். பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

“என்னத்தா, நடவு முடியுமுன்ன ஒனக்கென்ன இம்புட்டுச் சந்தோசம்?” என்றாள் ஒருத்தி. பக்கத்தில் நின்றவள் என் கை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டாள். “அடியே, அது சந்தோசம் இல்லடி, இடுப்பு வலி” என்று கத்தினாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். வழியில் நான்கு இடத்தில் நின்றேன், நான்கு இடத்திலும் குலவை. அத்தைக்கு மானம் போயிற்று. என் முந்தானையை இழுத்து என் வாயையே மூடப் பார்த்தார்.

வீட்டுக்குள் போனதும் ஆக வேண்டிய காரியத்தைப் பார்த்தார்கள். பிள்ளை தடங்கலில்லாமல் வர வீட்டில் எதுவும் பூட்டியிருக்கக்கூடாது, கட்டியிருக்கக்கூடாது என்பது வழக்கம். மரப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். நெல்லுக் குதிரின் பலகையை எடுத்தார்கள். என் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். கொட்டத்தில் மாட்டுக் கயிற்றைக்கூட அவிழ்த்தாயிற்று. அதையெல்லாம் முடித்துவிட்டு அத்தை என்னிடம் துண்டை நீட்டினார்.

“கடிச்சுக்க. மாமா வர்ற நேரம்.”

“மாட்டேன் அத்தை.”

மருத்துவச்சி வந்திருந்தாள். அவளும் அத்தை கட்சி. “கத்துனா தெம்பு போயிரும் தாயி. முக்கும்போது ஒண்ணும் மிஞ்சாது” என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “பொட்டியத் தொறந்தீங்க, குதுரத் தொறந்தீங்க, மாட்டக்கூட அவுத்து விட்டீங்க. இந்த வீட்ல என் வாய மட்டும் எதுக்கு மூடச் சொல்றீங்க?” என்று கேட்டேன்.

மருத்துவச்சி அத்தையைப் பார்த்தாள். அத்தை துண்டைப் பார்த்தார். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டதால் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

படுக்கவும் மாட்டேன் என்றேன். சுவரைப் பிடித்து நடந்தேன். நடக்க முடியாதபோது உரலைக் கட்டிக்கொண்டு குத்தவைத்தேன். மருத்துவச்சி கெட்டிக்காரி, சண்டையை விட்டுவிட்டு நல்லெண்ணெயைச் சுடவைத்து இடுப்பில் தேய்த்தாள். சூடு பொறுக்கிற வெந்நீரைத் துணியில் நனைத்து முதுகில் ஒற்றினாள். சீரகத் தண்ணீர் கொடுத்தாள். எல்லாமே உதவியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வலி உச்சிக்கு ஏறும்போது எனக்குக் கை கொடுத்தது குலவைதான். வலி நீண்டுகொண்டே போனதால் ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை போட வேண்டியிருந்தது.

அங்கேதான் வினை வந்தது. ஆண் பிள்ளை பிறந்தால் மூன்று குலவை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் பிறந்தால் கிடையாது. கோயில் முன்னால் உட்கார்ந்திருந்த மாமனார் காதில் மூன்று குலவை விழுந்திருக்கிறது. மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே கடைக்குப் போய்ச் சீனி வாங்கி, தெரு முழுக்கக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். சைக்கிள் வைத்திருந்த பங்காளி ஒருவர் என் தாய் வீட்டுக்குச் சேதி சொல்லக் கிளம்பிப் போயே போய்விட்டார். இன்னும் பிறக்காத என் மகனுக்குப் பெயர் வைப்பது பற்றி வாசலில் பேச்சு நடந்தது.

அப்போது மறுபடி மூன்று குலவை.

“ரெட்டையா!” என்று யாரோ சொல்வது எனக்கு உள்ளே கேட்டது. மாமனாருக்குக் கால் தரையில் நின்றிருக்காது. மூன்றாம் தடவையும் கேட்டபோதுதான் வாசலில் பேச்சு நின்றது. ஒரு கிழவி, “அய்யா, நாய் பூனைக்குக்கூட இம்புட்டு வெரசா வராதே” என்றாள்.

நடந்தது தெரிந்ததும் மாமனார் வாசலில் வந்து கத்தினார். அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “தெருவே சிரிக்குது. உன் பொண்டாட்டிய வாய மூடச் சொல்லுடா!”

என் புருஷன் அதிகம் பேசாதவர். பேச வேண்டிய இடத்திலும் பேசாமல் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். அன்றைக்குக் கதவை ஒட்டி நின்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

“போன தடவ சத்தமே இல்லய்யா. குழிய நாந்தான் தோண்டுனேன்.”

உரலில் முகத்தை வைத்துக்கொண்டு நான் அழுதேன். அந்த ஒரு பேச்சுக்காக அவருடைய எத்தனையோ மௌனத்தைப் பிற்பாடு பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் எனக்கு முடியவில்லை. வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுழற்றினால் காற்றுதான் வந்தது. வலி ஏறியது, நான் பல்லைக் கடித்தேன். உடைந்த பல் இருந்த இடம் நாக்கில் தட்டியது. அவ்வளவுதான், இதுவும் போகப்போகிறது என்று நினைத்தேன். சாவு பயம் என்றால் என்ன என்று அப்போது தெரிந்துகொண்டேன். அது எனக்காக வந்த பயம் இல்லை.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து குலவை கேட்டது. என்னை அக்குளில் தாங்கிக்கொண்டு நின்ற அத்தைதான் போட்டார். ஏழு பெற்றும் வாய் திறக்காத அத்தை. முதலில் தயங்கி, பிறகு ஓங்கி. அவர் மூச்சு விட, நானும் விட்டேன். அவர் இழுக்க, நானும் இழுத்தேன். மருத்துவச்சி, “வந்துருச்சு, வந்துருச்சு, விட்ராத” என்று கீழேயிருந்து சத்தம் போட்டாள். மூன்று பெண்கள் சேர்ந்து அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை தரைக்கு வந்தது. ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உலகமே நின்றுபோயிற்று. பிறகு அழுதது. அழுகையா அது? ஊரையே கூப்பிட்டது.

அத்தை குனிந்து பார்த்தார். மருத்துவச்சியும் பார்த்தாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சற்று முன்பு அவ்வளவு ஓங்கிப் போட்டவரிடமிருந்து ஒரு குலவை வரவில்லை. வாசலில் காத்திருந்தவர்களுக்கும் அது புரிந்திருக்கும். சீனி வாங்கித் தின்றவர்கள் அங்கேதான் நின்றார்கள்.

கொஞ்ச நேரம் பொறுத்து மாமனார் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டார். “என்ன புள்ள?”

அத்தை பதில் சொல்லத் தடுமாறினார். நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அதுவரை மாமனாரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியிராத நான் தொண்டையைத் திறந்து சொன்னேன்.

“உசுரோட இருக்கிற புள்ள, மாமா!”

பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். முகமெல்லாம் சிவந்து, கை காலை உதைத்துக்கொண்டு, அவள் நிறுத்தாமல் கத்தினாள். “அமத்து தாயி, தெருவுக்கே கேக்குது” என்றாள் மருத்துவச்சி.

கொஞ்ச நேரம் அழட்டும் என்றேன்.