உப்பு உருகும் சூடு

என் வீட்டுக்காரருக்கு வலது கண் நெருப்பால் போனது. தீப்பொறி எதுவும் தெறிக்கவில்லை. பூந்தமல்லியில் கசாப்புக் கத்தி செய்கிற குடும்பம் எங்களுடையது. கத்தியை உலையில் காய்ச்சி எண்ணெயில் தோய்க்குமுன், இரும்பு என்ன நிறத்துக்கு வந்திருக்கிறது என்று நெருப்பை உற்றுப் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்தே புரை விழுந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அறுத்தும் தேறவில்லை. இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, இனி நெருப்பைப் பார்த்தால் அதுவும் போகும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். இவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

யுத்த காலம். ஆவடி முகாம்களின் சமையற்கட்டுகளுக்குக் கத்தி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வேலையை விடச் சொன்னால் மனிதர் கேட்பாரா? எங்கள் தெருவுக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. மூடிப்போன பட்டறை ஒன்றிலிருந்து ஒரு கரண்ட் அடுப்பை வாங்கினோம். கதவைச் சாத்தினால் உள்ளே எதுவும் தெரியாது. எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்ல ஒரு கருவி வேண்டியிருந்தது.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓட்டிய பஸ்ஸில் ஏறிப் பட்டணத்துக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் முள் சூட்டைக் காட்டும், அவ்வளவுதான். மற்றதில், நாம் வைத்த குறியை முள் தொட்டதும் கரண்ட் தானே நிற்கும், சூடு இறங்கினால் தானே வரும். இவர் முதல் பெட்டியையே தடவிக்கொண்டிருந்தார்.

"இது போதும். முள்ள பாத்துகினு நானே நிறுத்திக்கிறேன்."

"எந்தக் கண்ணால?" என்று கேட்டேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். இரண்டாவது பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "முள்ள அப்படியே நம்பாதீங்கம்மா. இரும்புத் துண்டுல நாலு கல் உப்பு போட்டு, கத்திக்குப் பக்கத்துல வைங்க. உப்பு உருகுற சூடுதான் கத்திக்குப் பதம்."

இவர் அதைக் காதில் வாங்கவில்லை. முதல் அடுக்குக் கத்திகளை முள்ளை நம்பியே காய்ச்சினோம். ஒன்றைப் பட்டறைக் கல்லில் தட்டியதும் இரண்டாக உடைந்தது. உடைந்த இடம் கற்கண்டு மாதிரி மணிமணியாக இருந்தது. அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது.

"நா பாத்திருந்தா இப்படி ஆவுமா?" என்று அடுப்புக் கதவில் கை வைத்தார்.

எனக்கு வந்த கோபத்தில் உப்பு ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்து, இரும்புத் துண்டில் நாலு கல் போட்டு அடுப்புக்குள் வைத்தேன். முள் குறியைத் தொடுவதற்கு வெகு முன்பே உப்பு உருகி வழிந்திருந்தது. பெட்டியிலிருந்து அடுப்புக்குள் போகிற, சூட்டை அளக்கும் கம்பி கதவோரத்தில் இருந்தது, அங்கே சூடு குறைவு. கத்திகள் கிடக்கும் நடு இடத்துக்கு அதை மாற்றினோம். கரண்ட் நின்ற பிறகும் செங்கல்லில் தேங்கிய சூட்டால் முள் ஏறிக்கொண்டே போனது. குறியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பெட்டி 'டக்' 'டக்' என்று ஒரே சீராகத் தட்டும்வரை காத்திருந்தோம். கடைசியில் உப்பு வழியாமல் முத்தாகத் திரண்டது. ஆறிய பிறகு அதை அவர் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார்.

"சரியா கீது," என்றார்.

புது அடுக்கை வைத்தோம். நெருப்பைப் பார்ப்பதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். குறட்டோடு நான் கதவைத் திறந்தேன். அந்த நிறத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. இரும்பு முழுக்க ஒரே சிவப்பாக, உள்ளிருந்தே ஒளி வருகிறாற்போல இருந்தது. குறடு கையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாடி, சத்தத்தயே காணோம்?"

"அழகா கீதுங்க," என்றேன்.

அவர் சுவரைப் பிடித்து எழுந்து வந்து எனக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றார். முதுகு நெருப்புக்கு, முகம் எனக்கு. எண்ணெய் வாடை அடிக்கும் உள்ளங்கையால் என் கண்கள் இரண்டையும் பொத்தினார்.

"அப்படித்தான் நானும் பாத்துகினே இருந்தேன்," என்றார்.