மேலே ஓடும் கோடு

ஒரே ஒரு சுரத்தை அரை மணி நேரம் இழுத்து வாசித்தால், பஸ் ஏறிப் போய்க் கேட்பீர்களா? மாட்டீர்கள். தெரியும். நாங்கள் போவோம். விருத்தாசலத்தில் அப்படி மொத்தம் ரெண்டே பேர்: நானும் என் ஃப்ரெண்டும். மூன்றாவதாக ஒருத்தனைச் சேர்க்கப் பார்த்தோம். பாதி டிராக்கிலேயே இயர்போனைக் கழற்றி, "நெட்டு ஸ்லோவா இருக்குதா மச்சான், அங்கயே நிக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பத்துப் பன்னிரண்டு பேர் கிட்டாரோடு வட்டமாக உட்காருவார்கள். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஒரு சத்தத்தை மெதுவாகக் கட்டி எழுப்புவார்கள், அவ்வளவுதான். கச்சேரி இல்லாத நாட்களுக்கு ஆம்பியன்ட் ரெக்கார்டிங்: மழை, ரயில் பாலம், ஃப்ரிட்ஜ் உறுமல், அதன் அடியில் எங்கேயோ ஒரு கிட்டார் கம்பி. இதைக் கேட்டு ஃபீல் பண்ணி எழுதுவதற்கென்றே ஆன்லைனில் ஒரு ரசிகர் குரூப் இருக்கிறது. உலகம் பெரியது.

ஃப்ரெண்டின் அம்மாவுக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை.

"இந்தச் சத்தத்துக்கா டிக்கெட்டு? மிக்ஸிய ஆன் பண்ணி வுடறேன், வூட்லயே ஒக்காந்து கேளுங்க."

"மிக்ஸி சீக்கிரம் முடிஞ்சிடும்மா" என்பான் அவன்.

நான் பிஎஸ்சி பிசிக்ஸ் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். அவன் செராமிக் டிப்ளமோ. ஃபியூஸுக்குப் பீங்கான் கட்டை செய்கிற ஒரு யூனிட்டில் பால்மில் பக்கத்தில் வேலை. பால்மில் என்றால், மண்ணையும் கல்லையும் தண்ணீர் ஊற்றிப் போட்டு உருட்டி அரைக்கிற பெரிய இரும்பு டிரம். நாள் முழுக்க உருளும். சேர்ந்த புதிதில் அவனுக்கு அதுவே கச்சேரி. "கிட்டாரோட தடிச்ச கம்பியும் நம்ம மில்லும் ஒரே சுதிடா மாப்ள. எனக்குச் சம்பளம் குடுத்துக் கேக்க வெக்கிறானுங்க."

அப்புறம் ஒரு நாள், "மில்லுக்கு மேல மெலிசா ஒரு சத்தம் ஓடுதுடா, ஊசி மாதிரி" என்றான். கொஞ்ச நாளில் வீட்டு ஃபேனிலும் அது இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாற்று மணலில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் இல்லை, ஆள் இல்லை, நாலு ஆடு மட்டும்.

"இங்க எங்கயாவது மிஷின் ஓடுதா?" என்றான்.

"ஆடுதான் ஓடுது."

அவன் சிரிக்கவில்லை. அந்தச் சத்தம் வெளியில் இருக்கிறதா, தன் காதுக்குள் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு அவன் பண்ணின காரியத்தை எங்களை மாதிரி ரசிகன் தவிர வேறு எவனும் பண்ணமாட்டான். ஃபோனில் பால்மில்லை ரெக்கார்ட் பண்ணி, டாக்டரிடம் போகாமல், குரூப்பில் போட்டான். கீழே ஒரு வரி: "மேல மெலிசா ஒரு கோடு ஓடுது, கவனிங்க."

கவனித்தார்கள். "அந்தக் கோடுதான் இதோட உயிர்" என்றான் ஒருத்தன். கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தனுக்கு, மழை நின்ற பிறகு கரண்ட் கம்பியில் தொங்கும் சொட்டு மாதிரி இருக்கிறதாம். இன்னொருத்தனுக்கு அந்த இடத்தில் கண்ணீரே வந்துவிட்டது. கவனிங்க என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கேட்காத சத்தம் கிடையாது.

நான் மூன்று தடவை கேட்டேன். மில் மட்டும்தான் இருந்தது.

"எனக்குக் கேக்கல மாப்ள."

"உன் இயர்போனு ஓட்டைடா. அதான் எல்லாருக்கும் கேக்குதே." ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவன் முகத்தில் ரத்தம் ஓடியது.

அப்புறம் பாண்டிச்சேரியில் கச்சேரி. ஒரு பழைய ஹாலில், சாயங்காலம். இந்த மாதிரிக் கச்சேரியில் ஒரு மரியாதை உண்டு. கடைசிச் சத்தம் தேய்ந்து அடங்கி, நடத்துகிறவர் தூக்கின கையை இறக்குகிற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது. எங்களுக்கு மொத்தக் கச்சேரியிலும் பிடித்ததே அந்த இடம்தான். அன்றைக்கும் சத்தம் நூலாக இளைத்தது, அறுந்தது. கை இறங்கியது. ஹாலே தட்டியது, நானும் தட்டினேன்.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். கண்ணை மூடியே இருந்தான்.

"என்னாடா இது, முடியறதுக்குள்ள தட்றானுங்க. காட்டானுங்க."

"முடிஞ்சிடுச்சுடா."

"எங்க முடிஞ்சுது? அதோ ஓடுதே, மேல."

"கண்ணத் தொற மாப்ள."

திறந்தான். வாசித்தவர்கள் வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கிட்டாரைப் பையில் வைத்து ஜிப் போட்டார். அவன் அந்த ஜிப் மூடி முடிகிற வரைக்கும் பார்த்தான். பிறகு கையை மேலே தூக்கி, எல்லாரும் நிறுத்தின பிறகு, ரெண்டு தட்டு தட்டினான்.

திரும்பும் பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "குரூப்புல எல்லாருக்கும் கேக்குதுன்னு சொன்னாங்களேடா?"

கடலூரில் காது டாக்டர் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு, "நரம்பு தேஞ்சிபோச்சு தம்பி. போனது வராது. இருக்கறதக் காப்பாத்தணும்னா அந்த மில்லு எடத்த வுட்டு வெளிய வா" என்றார். யூனிட்டில் வேறு செக்‌ஷன் கேட்டான். "கிளேஸ் பூச்சு அடிக்கற பக்கம் ஆளு ஃபுல்லு. காதுல பஞ்சு வெச்சிக்க" என்றார் சூப்பர்வைசர். வேறு யூனிட்டுகளிலும் கேட்டோம். அங்கேயும் காலியாக இருந்தது மில் பக்கம்தான்.

இப்போது அவன் எதையும் கேட்பதில்லை. நான் புதுசாக எதை அனுப்பினாலும் திறப்பதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கேட்டா எது அவங்க வாசிக்கறது, எது என் காதுன்னு தெரியல மாப்ள. வுடு" என்றான்.

குரூப்பில் அவன் போட்ட ஃபைல் இன்னும் இருக்கிறது. நேற்றுகூட எவனோ கீழே எழுதியிருந்தான், அந்தக் கோடு செம என்று.

அவன் இப்போது ஷிப்டில் இருக்கிறான். மில் ஓடுகிறது.